எல்லோருக்கும் கடிதம் எழுதுபவரின் நியமனக் கடிதம்

(கிளிநொச்சியில் அலுவலகப் பணியாளர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும், வேலை முடித்து நேரே இங்கு வந்திருக்கும் தம்பி தங்கையருக்கும் என் வணக்கம்.

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்க வேணும்", அதாவது எந்த வேலையானாலும் அரசாங்கத்தில் செய்ய வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்லி வந்ததை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். மாதம் தவறாத சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் நினைத்துப் பிறந்த அந்தச் சொல், இன்று வன்னியில் தனியார் அலுவலகங்களில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் பெரும் பாதகமாக முடிந்திருக்கிறது. நிதி நிறுவனத்தின் கிளையிலோ, அரிசி ஆலையின் கணக்கு அறையிலோ, கட்டடப் பொருட் கடையின் மேல்மாடியிலோ இருந்து எழுதுகிற ஒருவரை, அரசாங்க நியமனம் கிடைக்கும்வரை அங்கே ஒதுங்கி நிற்பவர் என்றுதான் வீட்டாரும் நினைக்கிறார்கள், முதலாளியும் நினைக்கிறார். பல வேளைகளில் அவரே தம்மைப் பற்றி அப்படித்தான் எண்ணியிருக்கிறார். ஒதுங்கி நிற்பவர் சம்பளம் பேசமாட்டார். நியமனக் கடிதம் கேட்கமாட்டார். நியமனமும் வராமல், கேட்கவும் இல்லாமல் ஐந்து வருடம், பத்து வருடம் கழிந்துவிடுகிறது.

எழுத்து வேலையின் பெறுமதியை வன்னி மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழையும் காணி அனுமதிப்பத்திரத்தையும் வங்கிப் புத்தகத்தையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு ஓடியவர்கள் நாம். அந்தப் பையையும் 2009இல் போரின் இறுதியில் வழியில் பறிகொடுத்தவர்கள் நம்மில் ஏராளம். மீள்குடியேறிய பின்னர், தாம் இன்னார் என்று காட்ட ஒரு தாளும் கையில் இல்லாமல் நடமாடும் சேவைகளிலும் பிரதேச செயலகங்களிலும் வரிசையில் நின்ற மக்களை, ஒவ்வொருவராக விசாரித்து, பழைய பதிவேட்டைத் தேடிப் பிடித்து, விண்ணப்பத்தை நிரப்பி, கையொப்பம் எங்கே இடுவது என்று காட்டி, மறுபடியும் பதிவுக்குள் கொண்டுவந்தவர்கள் எழுதுவினைஞர்களும் கிராம அலுவலர்களும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களும்தான். வீதிக்கும் பாலத்துக்கும் திறப்பு விழா நடந்தது, பெயர்ப்பலகை நாட்டப்பட்டது. இந்த வேலைக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை.

அலுவலகத்தில் எழுதுகிறவர்கள் தம் சம்பளத்துக்காகப் போராடிய வரலாறு இந்த நாட்டில் உண்டு. 1947ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தில் அரசாங்க எழுதுவினைஞர்களும் இறங்கினார்கள். ஜூன் 5ஆம் திகதி ஊர்வலமாகச் சென்றவர்கள் மீது கொழும்பில் பொலிஸார் சுட்டபோது உயிரிழந்தவர் கந்தசாமி என்ற எழுதுவினைஞர். இன்று இந்த மண்டபத்தில் அந்தப் பெயரை அறிந்த இளையவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது.

செல்லையா கோடீஸ்வரனின் வழக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் கேகாலைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், எழுதுவினைஞர். சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்த பின்னர், சிங்களத் தேர்ச்சி இல்லை என்ற காரணத்தைக் காட்டி 1962இல் அவருடைய வருடாந்தச் சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். எத்தனையோ பேர் அதைப் பொறுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தபோது, அவர் நீதிமன்றம் சென்றார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. அரச ஊழியர் ஒருவர் தமது சம்பளத்துக்காக முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்குத் தொடரவே இயலாது என்று 1967இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அன்று இலங்கை வழக்குகளுக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் வரை அவர் போனார். சம்பளத்துக்காக அரச ஊழியர் வழக்குத் தொடரலாம் என்று 1969 டிசம்பரில் அங்கே தீர்ப்பாயிற்று. மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு ஏற்றதா என்ற கேள்வி மீண்டும் இலங்கை நீதிமன்றத்துக்கே அனுப்பப்பட்டது. அதற்கு விடை கடைசிவரை வரவில்லை. ஆயினும், சம்பளம் என்பது மேலிடம் மனமிரங்கிக் கொடுப்பது, அதைக் கேட்டு வழக்காட ஊழியனுக்கு வழியில்லை என்ற எண்ணத்தை உடைத்த தீர்ப்பு ஒரு கச்சேரி எழுதுவினைஞரின் சம்பள ஏற்றத்தில் தொடங்கியது. பெரிய பதவியில் இருந்த எவரும் அதைத் தொடங்கவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். விசுவமடுவிலிருந்தோ தர்மபுரத்திலிருந்தோ பரந்தன் வீதியால் பேருந்தில் வந்து, எட்டு மணிக்கு அலுவலகக் கதவைத் திறந்து, கூட்டி, மேசை துடைத்து, பிறகு கணினியைப் போட்டு வேலை தொடங்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். பற்றுச்சீட்டு, காசுப் புத்தகம், கடன் நிலுவைப் பட்டியல், தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் மாதாந்த அறிக்கை எல்லாம் அவர்கள் கையால்தான் ஆகின்றன. மாத இறுதிக் கூட்டத்தில் அந்தப் பிள்ளை தயாரித்த தாள்கள் மேசையில் இருக்கும். அவரோ தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வருவார். கூட்டல் சரியாக இருந்தால் எவரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை, ஓரிடத்தில் நூறு ரூபா இடித்தால் மட்டும், தட்டை வைக்க முன்னரே, "பிள்ளை, இது என்ன கணக்கு?" என்ற கேள்வி வரும். ஆறரை மணிக்கும் கணக்கு முடியாவிட்டால் கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலையும் அவருடையதே. மேலதிக நேரக் கொடுப்பனவு என்ற பேச்சு அந்த அறையில் எழுவதேயில்லை.

சட்டம் இதைப் பற்றி எப்போதோ பேசிவிட்டது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலமே வேலை நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். பதவி, சம்பளம், வேலை நேரம், விடுமுறை ஆகியவற்றைக் குறிப்பிட்ட நியமனக் கடிதத்தை வேலையில் சேரும்போதே கொடுப்பது முதலாளியின் கடமை. தேசிய குறைந்தபட்ச வேதனம் 2016இல் 10,000 ரூபாவாகத் தொடங்கி, 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 27,000 ஆகி, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா ஆகியிருக்கிறது. அரசாங்க ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளமோ 2025 வரவு செலவுத் திட்டத்தில் 24,250இலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதே பதிவேட்டை, அதே கவனத்தோடு எழுதுகிறவருக்கு வீதியின் இந்தப் பக்கம் ஒரு பெறுமதி, அந்தப் பக்கம் இன்னொரு பெறுமதி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த 30,000கூட கையில் வராத அலுவலகங்கள் இருக்கின்றன என்பது அதைவிடக் கொடியது.

ஊழியர் சேமலாப நிதியில்தான் பலர் அதிகம் இழக்கிறார்கள். ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும் என்பது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இன்றுள்ள விதி. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். 30,000 ரூபா சம்பளத்தில் உங்களிடம் 2,400 ரூபா கழிக்கலாம். முதலாளி தம் கையிலிருந்து 3,600 ரூபாவும், மேலும் 900 ரூபாவும் போட வேண்டும். சேமலாப நிதி மட்டும் ஆண்டுக்கு 72,000 ரூபா. முதலாளியின் பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே கழிப்பவர்கள் உண்டு. கழித்ததைக் கட்டாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. "பயிற்சிக் காலம்" என்று வருடக்கணக்கில் இழுப்பது இன்னொரு வழி. சம்பளத் துண்டு இல்லாத இடத்தில் இவற்றை எதைக் கொண்டு நிரூபிப்பீர்கள்? ஊரில் எல்லோருடைய கடிதங்களையும் கோப்பிட்டுக் காக்கிற உங்களுடைய பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

முதலாளிமாரின் கஷ்டம் எனக்குத் தெரியும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எரிபொருள் வரிசையில் நின்றே தொழிலை இழந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். ஆனால் நியமனக் கடிதத்துக்கும் சம்பளத் துண்டுக்கும் செலவாவது ஒரு தாள். அறிக்கையின் அடியில் "தயாரித்தவர்" என்று அந்தப் பிள்ளையின் பெயரை இடுவதற்கும், கூட்டத்தில் அவருக்கு ஒரு கதிரை போடுவதற்கும் ஒரு சதமும் செலவில்லை. இவற்றைச் செய்யாமல் சம்பளத்தை மட்டும் சற்றுக் கூட்டிக் கொடுத்தாலும், எதற்காகக் கூட்டினார், எப்போது குறைப்பார் என்று தெரியாத நிலையே நீடிக்கும்.

அரச அலுவலகங்களும் இதற்கு விலக்கல்ல. நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையில் தொண்டர்களாகவும் அமைய (தற்காலிக) ஊழியர்களாகவும் ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்களின் வேலைப் பட்டியலை எவரும் எழுதி வைப்பதில்லை. அதை நீங்களே நாளாந்தம் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: என்ன வேலை, யார் சொன்னது, எத்தனை மணிவரை. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யும் நாளில் அந்தக் கொப்பி பேசும்.

தனியாகக் கேட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தை நான் குறைத்து மதிக்கவில்லை; அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் இருப்பவர்களை உங்களைப் போல நானும் அறிவேன். ஆனால் ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் ஒன்றைப் பதிவு செய்ய இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்த மண்டபத்தில் அதற்கு எத்தனையோ மடங்கு பேர் இருக்கிறீர்கள். வாசலடியில் உள்ள மேசையில் நியமனக் கடிதத்துக்கான மாதிரிப் படிவத்தைத் தமிழில் வைத்திருக்கிறோம். பக்கத்தில் பெயர் எழுதும் பதிவேடும் இருக்கிறது. பேருந்துக்கு அவசரப்படுபவர்கள் முதலில் எழுதிவிட்டுப் போகலாம்.