பணம் கட்டும் முன் கண்ணைக் காட்டுங்கள்: மலேசியாவில் விமானி ஆகும் வழி

[காட்சி: பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ், மாலை நேரம். விமானம் ஒன்று தரையிறங்குகிறது.]

வணக்கம். இப்போது இறங்கிய விமானத்தின் முன்னறையில் இருவர் இருக்கிறார்கள். இடது இருக்கையில் கேப்டன். தோளில் நான்கு பட்டைகள். வலது இருக்கையில் துணை விமானி, மூன்று பட்டைகள். அந்த வலது இருக்கைக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதுதான் இன்றைய பேச்சு.

என்னிடம் இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் இல்லை, அம்மாக்கள். "எஸ்.பி.எம். முடித்துவிட்டான், எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று நேராகப் பணத்தில் தொடங்குவார்கள். (எஸ்.பி.எம். என்பது மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வு.) பணத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வணிக விமானிக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். சி.ஏ.ஏ.எம். எனப்படும் மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பேட்டைக் கிளினிக்கில் வாங்கும் கடிதம் செல்லாது. இதயம், காது, சிறுநீர், இரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். அதிகம் பேரைக் கலங்க வைப்பது கண்தான்.

கண்ணாடி போட்டவன் விமானி ஆக முடியாது என்பது நம் வீடுகளில் விடாமல் உலவும் கதை. அது உண்மையில்லை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிந்தால் போதும் என்கிறது சர்வதேச விதி. (6/6 என்பது இயல்பான பார்வை, 6/9 அதற்குச் சற்றுக் குறைவு.) உண்மையான சிக்கல் நிறக்குருடு.

[காட்சி: இரவு. ஓடுபாதையின் பக்கத்தில் வரிசையாக நான்கு விளக்குகள்.]

இந்த நான்கு விளக்குகளைப் பாருங்கள். இறங்கி வரும் விமானிக்கு இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரிந்தால் சரியான சரிவில் வருகிறார். நான்கும் வெள்ளை என்றால் உயரம் அதிகம். நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டார். வானொலி செத்துப்போனால் கட்டுப்பாட்டுக் கோபுரம் பேசுவதும் விளக்கால்தான்: பச்சை எரிந்தபடி நின்றால் இறங்கலாம், சிவப்பு நின்றால் வட்டமிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால்தான் மருத்துவர் புள்ளிகள் நிறைந்த அட்டையை நீட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்கிறார். அதில் தவறினால் கூடுதல் சோதனைகள் உண்டு. அதிலும் தவறினால் இந்தக் கனவை அங்கேயே மடித்து வைக்க வேண்டியதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் முன்பணம் கட்டி, பையனுக்குச் சீருடைக்கு அளவும் கொடுத்துவிட்டது. மருத்துவப் பரிசோதனை அதற்குப் பிறகுதான். பையனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியவில்லை. பதினேழு வயது வரை வீட்டில் யாருக்கும் அது தெரியாது, அவனுக்கும்தான். பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் அவன் அப்பா நடையாய் நடந்தார்.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், அறிவியல் அல்லது இயற்பியல், ஆங்கிலம் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சியைப் பறக்கும் பள்ளிகள் எதிர்பார்க்கின்றன. உரிமம் பெறப் பட்டப்படிப்பு தேவையில்லை. வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஆங்கிலத்துக்குத் தனித் தேர்வு உண்டு: ஆறு நிலைகளில் நான்காவதையாவது எட்ட வேண்டும், அந்த நான்காம் நிலையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் நிரூபிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் பேச்சுவாடையை நினைத்துப் பயப்பட வேண்டாம். எதிரில் இருப்பவருக்குப் புரிகிறதா, எதிர்பாராதது நடந்தால் விளக்கிச் சொல்ல வருகிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

[காட்சி: மலாக்கா, பத்து பெரெண்டாம். சிறு விமானங்கள்.]

பயிற்சிக்குக் கோலாலம்பூரையும் பினாங்கையும் விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். மலாக்கா, லங்காவி போன்ற இடங்களில்தான் பறக்கும் பள்ளிகள் இருக்கின்றன. முதல் சில மாதங்கள் வகுப்பறை: வானிலை, வழிகாண்முறை, விமானச் சட்டம், எடைச் சமநிலை, மனித உடலின் வரம்புகள். பைலட் ஆக வந்தவர்களில் பலர் இங்கேதான் முதலில் தடுமாறுகிறார்கள்.

பிறகு செஸ்னா, பைப்பர் போன்ற ஒற்றை இயந்திர விமானம். ஏறு, திரும்பு, ஓடுபாதைக்கு இணையாகப் பற, மீண்டும் திரும்பு, இறங்கு. இதே நீள்சதுரத்தைச் சலிக்கச் சலிக்கச் சுற்றிய பிறகு ஒருநாள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், பயிற்றுநர் கதவைத் திறந்து இறங்கிவிடுவார். "ஒரு சுற்று, நீ மட்டும் போய் வா." ஓர் ஆள் எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழும்பும், அதுவே முதல் அதிர்ச்சி. பக்கத்து இருக்கையில் ஆளில்லாத பெல்ட் கட்டிக் கிடக்கும். பத்திரமாக இறங்கி வந்தால் நண்பர்கள் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள். பல நாடுகளில் உள்ள வழக்கம் இது.

நம் வானம் பொல்லாதது. பிற்பகலில் இடிமேகம் கட்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் சூறைக்காற்று வரிசை மலாக்கா நீரிணையைக் கடந்து வரும். மாணவர்கள் தரையில் காத்துக் கிடக்கும் நாட்கள் அதிகம். ஒன்றரை ஆண்டுப் படிப்பு இரண்டைத் தாண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் படிப்பில் 150 போதும் என்பது சர்வதேச அளவுகோல். வெளியே எதுவும் தெரியாத மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதியும், இரட்டை இயந்திர விமானத் தகுதியும் கூடவே வேண்டும்.

இவ்வளவும் முடித்தவர் ஏ320 விமானத்தைத் தொடலாமா? தொட முடியாது. ஒவ்வொரு விமான வகைக்கும் தனிப் பயிற்சி உண்டு. ஏர்ஏசியாவின் ஏ320, மலேசியா ஏர்லைன்ஸின் போயிங் 737, ஃபயர்ஃபிளையின் ஏ.டி.ஆர். 72 மூன்றும் வெவ்வேறு உலகங்கள். பெரும்பகுதிப் பயிற்சி, தூண்களின் மேல் நின்று ஆடும் சிமுலேட்டரில்தான் நடக்கும். ஓடுபாதையில் இனி நிறுத்த முடியாது என்ற வேகத்தை எட்டிய நொடியில் ஓர் இயந்திரத்தை அணைத்துவிடுவார்கள். விமானம் ஒரு பக்கம் இழுக்கும், காலால் நேராக்கி மேலே ஏற்ற வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஆண்டுக்கு இருமுறை இந்தச் சோதனை தொடரும். தேர்வு முடிந்துவிட்டது என்று புத்தகத்தை எடைக்குப் போடும் தொழில் இல்லை இது.

கேப்டன் இருக்கைக்கு இன்னும் உயர்ந்த உரிமம் வேண்டும்: 1,500 மணி நேரம், குறைந்தது 21 வயது. சர்வதேச வணிகப் பயணங்களில் 65 வயதோடு விமானியின் காலம் முடிகிறது.

இப்போது அம்மாக்களின் கேள்வி. சொந்தச் செலவில் படித்தால் மூன்று லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வகைப் பயிற்சிக்குத் தனிச் செலவு. விமான நிறுவனங்கள் அவ்வப்போது பயிற்சி விமானிகளைத் தாங்களே தேர்ந்தெடுப்பதுண்டு. அந்த அறிவிப்புக்காகக் காத்திருப்பது வீட்டை அடமானம் வைப்பதைவிட நல்லது என்பது என் கருத்து. உரிமம் கையில் இருந்தால் வேலையும் கையில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020-இல் விமானங்கள் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டபோது, பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களே வீட்டில் உட்கார்ந்தார்கள்.

[காட்சி: பறக்கும் பள்ளியின் கொட்டகை.]

பள்ளியைப் பார்க்கப் போகும்போது பளபளக்கும் வரவேற்பறையில் நின்றுவிடாதீர்கள். கொட்டகைக்குள் போய்ப் பாருங்கள். எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் இருக்கின்றன, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள், போன மாதம் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தார் என்று கேளுங்கள். பதிலை அலுவலகத்தில் வாங்கிய பிறகு, சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்திருக்கும் மாணவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்.