இன்சுலின் விலகினால்

நேயர்களுக்கு வணக்கம்.

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தால் விடியும்வரை வயிற்றில் ஒன்றும் விழுவதில்லை. ஆனாலும் இதயம் துடிக்கிறது, மூச்சு ஓடுகிறது. அந்த நேரத்தில் உடலுக்குப் பெரும்பகுதி படியளப்பவை கொழுப்புச் செல்கள்.

கொழுப்புச் செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரே எண்ணெய்த் துளி முழு இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். உட்கரு ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும். துளிக்குள் இருப்பது ட்ரைகிளிசரைடு. ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த மூலக்கூறு அது. துளியைச் சுற்றிப் பெரிலிபின் என்ற புரதம் காவல் நிற்கிறது.

ரத்தத்தில் இன்சுலின் குறைந்து, நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலின் என்ற தூண்டுபொருள் வந்ததும் அந்தக் காவல் தளர்கிறது. மூன்று நொதிகள் அடுத்தடுத்து இறங்கி, ஆளுக்கொரு கொழுப்பு அமிலத்தைக் கழற்றுகின்றன. ஹார்மோனுக்குக் கட்டுப்படும் லிப்பேஸ் என்ற நொதியே இதைத் தொடங்கிவைக்கிறது என்றுதான் நெடுங்காலம் பாடம் நடந்தது. அந்த நொதி இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது அவை கொழுக்கவில்லை. பாதி உடைந்த கொழுப்புதான் செல்லில் தேங்கியது. அப்படியானால் முதல் வெட்டு யாருடையது? ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ருடால்ஃப் செக்னரின் குழு ஏ.டி.ஜி.எல். என்ற நொதியை அடையாளம் காட்டியது 2004இல். இவ்வளவு அடிப்படையான செய்திக்கு இத்தனை காலம் ஆனது எனக்கு இன்றும் வியப்புதான்.

வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் ஆல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டு தசைக்கும் இதயத்துக்கும் கல்லீரலுக்கும் போய்ச் சேருகின்றன. கிளிசராலைக் கல்லீரல் குளுக்கோஸாக மாற்றிக்கொள்கிறது.

நான் அழுத்திச் சொல்ல வந்தது இன்சுலினைப் பற்றி. முதல்வகை நீரிழிவில் இன்சுலின் அறவே இல்லாமல் போனால், கொழுப்பு தடையின்றி உடைகிறது. கல்லீரல் அதைக் கீட்டோன்கள் என்ற அமிலப் பொருள்களாக்கிக் கொட்ட, ரத்தம் அமிலமாகிறது. குழந்தை திடீரென்று மெலியும். ஓயாமல் தண்ணீர் கேட்கும். அடிக்கடி சிறுநீர் போகும். பிறகு வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழவாடை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

காய்ச்சலில் பிள்ளை சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு என்று நிறுத்திவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பட்டினி நாளிலும் கொழுப்புச் செல்லைக் கட்டுக்குள் வைக்க இன்சுலின் வேண்டும். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஊசியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.