பழைய காருக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கும்?

[காட்சி: டார்ச் வெளிச்சத்தில் டிரைவர் சீட்டின் அடிப்பகுதி]

வணக்கம். போன மாதம் என் சித்தப்பா மகன் ஏழு வருஷம் ஓடிய கார் ஒன்றை வாங்கினான். வீட்டுக்கு வந்ததும் முன்சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளி, தண்டவாளம் மாதிரி இருக்கிற அந்தக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டோம். இரண்டு ஐந்து ரூபாய் நாணயம், ஒரு விபூதிப் பொட்டலம், அப்புறம் குழந்தையின் ஒற்றை வெள்ளிக் கொலுசு. விற்ற அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னோம். மகளின் முதல் பிறந்தநாளுக்குப் போட்டதாம், வீடு முழுக்கத் தேடினார்களாம், அந்தப் பெண் இப்போது இரண்டாவது படிக்கிறாள்.

கொலுசு கிடைத்தது சந்தோஷம்தான். ஆனால் இந்தத் தேடலைக் காசு கொடுப்பதற்கு முன்னாலேயே செய்யுங்கள், ஏனென்றால் வேறு சிலதும் கிடைக்கும்.

[காட்சி: முழுசாக வெளியே இழுத்த சீட் பெல்ட்]

முக்கியமானது சேறு. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. மூழ்கிய காரைக் கழுவி, சீட் கவர் மாற்றி, சென்ட் அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். மேலே இருக்கும் சேற்றைத் துடைத்துவிடலாம், பெல்ட் சுருள்கிற இடத்துக்குள் போனதை யாரும் துடைப்பதில்லை, அதனால் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை இழுத்து அந்த நுனியில் செம்மண் கறை இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியைத் தடவுங்கள். கார்ப்பெட்டின் ஓரத்தைக் கிளப்பி மோந்து பாருங்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், தண்ணீர் போன வயர் முனைகளில் உடனே ஒன்றும் ஆகாது, செம்பில் மெல்ல மெல்லக் களிம்பு ஏறும், பல மாதம் கழித்துக்கூட வண்டி நடுரோட்டில் நின்றுபோகலாம். ஏர்பேக்கை இயக்கும் பெட்டியும் நிறைய கார்களில் கியர் பக்கம் தரையை ஒட்டித்தான் இருக்கிறது. அது குடும்பத்தின் உயிர் விஷயம்.

அடுத்தது டேஷ்போர்டு பெட்டி. நிறைய கார்களில் அதைக் கழற்றினால் பின்னால் ஏசி ஃபில்டர் இருக்கும். அதில் எலி இழுத்து வந்த பஞ்சும் சருகும் கிடந்தால் வயர்களையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். லோனில் வாங்கிய வண்டி என்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே சின்னக் கறுப்பு ஜிபிஎஸ் கருவி ஒட்டியிருக்கலாம். கடன் முடிந்துவிட்டதா என்று ஆர்.சி.யில் பார்த்துவிட்டு, விற்றவரிடம் சொல்லிக் கழற்றுங்கள். மியூசிக் சிஸ்டத்தில் பழைய ஓனரின் போன் நம்பர்கள் எல்லாம் இருக்கும், படிக்காமல் அழித்துவிடுங்கள். கண்ணாடியில் அவருடைய ஃபாஸ்டாக் இருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் டோல்கேட் தாண்டும்போது பணம் அவர் கணக்கிலிருந்து போகும்.

கத்தி, சந்தேகமான பொட்டலம் மாதிரி ஏதாவது கிடைத்தால் தொடாதீர்கள். அப்படியே வைத்துவிட்டு 112-க்குக் கூப்பிடுங்கள். வண்டி எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கைமாறியது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய டெலிவரி நோட் அன்றைக்கு ரொம்ப உதவும்.

[காட்சி: கசங்கிய சர்வீஸ் பில்]

இந்தக் காரை வாங்குவதற்கு முன்னால் நாங்கள் பார்த்த இன்னொரு கார், பளபளவென்று, மீட்டரில் 48,000 கிலோமீட்டர். தம்பிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அட்வான்ஸ் கையிலேயே வைத்திருந்தான். டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றியபோது பின்பக்கம் வழுக்கி விழுந்திருந்த ஒரு பழைய சர்வீஸ் பில் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி, அதே வண்டி நம்பர், கிலோமீட்டர் 71,000. விற்க வந்தவரிடம் அதை நீட்டினோம். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. நாங்கள் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டோம்.