வெல்லம்பிட்டிக்குப் போனா முதல்ல சுவரைப் பாக்கோணும்

வணக்கம் வணக்கம். நான் கதைக்கிறது கேக்குதோ தெரியேல்ல, பின்னால பஸ் கொண்டக்டர் கத்திக்கொண்டு நிக்கிறார். விடிய அஞ்சே கால், புறக்கோட்டையில இறங்கி நிக்கிறன். யாழ்ப்பாணத்தில இருந்து இரவு பஸ். புத்தளம் ரோட்டில கலாஓயாப் பாலம் வரேக்க, முழிச்சிருந்த ஆக்கள் எல்லாரும் யன்னலால எட்டிப் பாத்தவை. 2025 கார்த்திகையில டித்வா புயல் அடிக்கேக்க, எங்கட பக்கத்தில இருந்து கொழும்புக்கு வந்த பஸ் ஒண்டு அங்கதானே வெள்ளத்துக்குள்ள மாட்டினது. சனம் வீட்டுக் கூரையில ஏறி நிண்டு, நேவி வந்து எடுத்தது. ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்ல. பாத்திட்டுத் திரும்பவும் படுத்திட்டினம்.

புது ஆக்களுக்குச் சொல்றன். நான் 2015இல இருந்து ஆறு வருஷம் கொழும்பில இருந்தனான். மருதானையில ஒரு அச்சகத்தில வேலை, வெல்லம்பிட்டியில ஒரு வீட்டின்ர மேல்மாடியில அறை. எனக்குக் கொழும்பு எண்டா அந்த அறைதான்.

காலமை காலிமுகத்திடல், வெள்ளவத்தை எல்லாம் ஒரு சுத்துச் சுத்தினன். வீடியோ எடுக்கேல்ல, எடுக்க ஒண்டுமில்ல. தாமரைக் கோபுரம் நிக்குது, இஸ்ஸோ வடை விக்கிறாங்கள், கடல் தன்ர பாட்டில கிடக்குது. வெள்ளவத்தையில ஒரு சேலைக் கடையில அன்ரி ஒராள் சொல்றா, “கொழும்பில எங்க தம்பி வெள்ளம்? நாங்க டீவியிலதான் பாத்தம்.” அவ பொய் சொல்லேல்ல. அதுதான் இண்டைக்கு நான் கதைக்கப் போற விஷயமே.

இப்ப நான் நிக்கிறது லோ லெவல் ரோட்டில. பேரைப் பாருங்கோ, பேரிலயே தாழ்வு. அங்கால தெரியுதே ஒரு மேடு, மண் திட்டி மாதிரி, அதுதான் பண்ட். வெள்ளைக்காரன் காலத்தில களனி ஆறு கொழும்புக்குள்ள வராமத் தடுக்கக் கட்டின அணை. வெல்லம்பிட்டி, சேதவத்தைப் பக்கம் கன வீடுகள் அணைக்கும் ஆத்துக்கும் நடுவில. அதாவது தண்ணியின்ர பக்கத்தில. நகரம் நனையாம இருக்கிறதுக்கு இவையின்ர வீட்டுக்குள்ள ஆறு வந்து தங்கிட்டுப் போகுது. நான் ஆறு வருஷம் இந்தத் திட்டியில பின்னேரம் நடந்தனான், கிரிக்கெட் பாத்தனான். ஒரு நாளும் இப்படி யோசிச்சதில்ல. வாடகை ஏன் மலிவு எண்டும் யோசிக்கேல்ல.

இன்னொண்டு. இஞ்ச வெள்ளம் இஞ்ச பெய்யிற மழையால மட்டும் வாறதில்ல. களனி 145 கிலோமீட்டர். சிவனொளிபாதமலைப் பக்கம் தொடங்கி, மஸ்கெலியா, நோர்வூட், கித்துல்கலை எண்டு இறங்கி, அவிசாவளை, ஹங்வெல்ல தாண்டித்தான் முகத்துவாரத்தில கடலுக்குப் போகுது. மலையில கொட்டினது இஞ்ச வந்து சேர நேரம் எடுக்கும். அதால மழை விட்டு, வெயில் எறிக்க எறிக்க, தண்ணி ஏறும். நாகலகம் வீதியில ஆத்துமட்டம் பாக்கிற அளவுகோல் இருக்கு, இப்பவும் அடிக்கணக்குத்தான். ஐப்பசி, கார்த்திகை வந்தா இஞ்ச சனம் கிரிக்கெட் ஸ்கோர் கேக்கிற மாதிரி “நாகலகம் எத்தினை?” எண்டு கேக்கும். டித்வாவில நாடு முழுக்க 600 பேருக்கு மேல செத்ததில கனபேர் மலைநாட்டில, மண்சரிவில. அந்த மலையை உடைச்ச தண்ணிதான் பிறகு இஞ்சயும் வந்தது.

சரி, வீட்டுக்கு வந்திட்டன். வீட்டுக்கார நானா வாசலிலயே நிக்கிறார். தாத்தா உள்ளுக்க தேத்தண்ணி ஊத்திறா. எங்கட ஊர் ஆக்கள் குழம்பாதேங்கோ, இஞ்ச முஸ்லிம் ஆக்கள் அண்ணாவை நானா எண்டும், அக்காவைத்தான் தாத்தா எண்டும் கூப்பிடுறது. எனக்கு முதல் மாசம் சரியான குழப்பம்.

இந்தச் சுவரைப் பாருங்கோ. கமெராவைக் கிட்டக் கொண்டு போறன். என்ர நெஞ்சளவில மண்ணிறக் கோடு, டித்வா வெள்ளம் விட்டிட்டுப் போனது. 2016 வைகாசி வெள்ளத்துக்கு நான் இஞ்சதான், மேல்மாடியில மூண்டு நாள். அதுக்குப் பிறகு நானா கடன்பட்டு, கீழ்த் தரையை ஒண்டரை அடி உசத்திக் கொங்கிரீட் போட்டவர். இனித் தண்ணி வராது எண்டு எனக்குப் பெருமையாக் காட்டினவர். அந்த உசத்தின தரைக்கு மேல நெஞ்சளவு.

“ஏன் நானா இன்னும் பெயின்ட் அடிக்கேல்ல?”

“உள்ளுக்கு ஈரம் ஈக்கி தம்பி. இப்ப அடிச்சா பொக்களம் போடும்.”

துப்புரவாக்க அரசாங்கம் அறிவிச்ச 25,000 ரூபாவைப் பற்றிக் கேட்டன். சேறு அள்ளின ஆக்களுக்கே சரியாம். பிளைவுட் அலுமாரி பாண் மாதிரி ஊதிப்போச்சு, மெத்தை ரோட்டுக்குப் போட்டுது. மகளின்ர கல்யாண அல்பத்தைத் தாத்தா தாள் தாளாக் கழட்டி உடுப்புக் கொடியில காயப் போட்டவவாம். முகங்கள் கரைஞ்சிட்டுது, சேலை நிறம் மட்டும் அப்பிடியே இருக்கு. எனக்குக் காட்டினவ. அதை நான் எடுக்கேல்ல.

பக்கத்து வீட்டில மலையகத்தில இருந்து வந்த குடும்பம் ஒண்டு. வெளிக்கிடச் சொல்லி போனுக்கு வந்த அறிவித்தல் எல்லாம் சிங்களத்தில. நானாதான் வீடு வீடாப் போய்த் தமிழில வாசிச்சவர். அதே செய்தி தமிழில வரேக்க தண்ணி வாசற்படியில. எனக்கு இதைச் சொல்லக் கோவம் வருது, நானாவுக்கு வரேல்ல. “எல்லா முறையும் அப்பிடித்தானே” எண்டார்.

பின்பக்கம் ஒரு சதுப்பு இருந்தது, தாத்தா அதில கங்குன் கீரை ஆய்வா. இப்ப அதில நாலு வீடு. கொழும்பு 2018இல, ஈரநிலங்களைக் காப்பாத்திற ராம்சார் எண்ட உலக ஒப்பந்தத்தின்ர கீழ, ஈரநில நகரமெண்டு அங்கீகாரம் வாங்கின நகரம், தெரியுமோ? உலகத்தில முதல் தரம் தெரிவான 18 நகரத்தில ஒண்டு. கங்குன் காணிக்கு அந்தச் செய்தி வந்து சேரேல்லப் போல. மண் நிரப்பினவை வீடில்லாத சனம், அவையை மட்டும் குறை சொல்லவும் ஏலாது.

ஆ, சத்தம் கேக்குதே! சூன் பாண் ஓட்டோ, பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விக்க வாறது. பொறுங்கோ, மாலு பணிஸ், அதுதான் மீன் பணிஸ், வாங்கிட்டு வாறன்... வெள்ளத்துக்குப் பிறகு இந்த ஒழுங்கைக்குள்ள முதல் வந்த வியாபாரி இவராம். விக்க வரேல்ல, ரோட்டு ஓடுமோ எண்டு பாக்க வந்தவராம். வந்தவரைச் சனம் விடேல்ல, எல்லாத்தையும் வாங்கிப் போட்டுது.

குசினியில பிரிட்ஜ் இன்னும் மேசைக்கு மேலதான் நிக்குது. “நானா, பிடியுங்கோ, ரெண்டு பேருமா இறக்குவம்” எண்டன். தாத்தா உள்ளுக்க இருந்து சொல்றா, “வேணாம் தம்பி, வைகாசி மழை போகட்டும்.” தாத்தா மேசைக்குப் பக்கத்தில ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறா, அதில ஏறித்தான் பால் எடுக்கிறா.

போன் சாகப் போகுது. சார்ஜ் போடுவம் எண்டு பாத்தா, பழைய இடத்தில பிளக் இல்ல. எல்லாத்தையும் கழட்டி மேல ஏத்தியிருக்கினம், என்ர தலைக்கும் மேல. வயர் எட்டேல்ல. கையை உசத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டுதான் இதைக் கதைக்கிறன், நானா சிரிக்கிறார். 4 வீதம். சரி, பிறகு வாறன்...