ட்ரெய்னி என்று எத்தனை நாள்?

வணக்கம் நேயர்களே. கேரளத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை மலைகளிலிருந்தும், கீழே போடி, கம்பம் பக்கமிருந்தும் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் என் வணக்கம். எஸ்டேட் லயத்தில் பிறந்து, வார்டு வார்டாக வேலை பார்த்து, நர்சிங் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவள் நான். நர்சிங் முடித்த நம் பிள்ளைகளுக்கு முதல் ஒரு வருஷம், இரண்டு வருஷம் ட்ரெய்னி, அதாவது பயிற்சியில் இருப்பவர், என்று சொல்லிக் கொடுக்கப்படுகிற சம்பளத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

படிப்பு முடிந்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, கொச்சிக்கோ கோதமங்கலத்துக்கோ, மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ இன்டர்வியூவுக்குப் போகிறாள் பெண். தேர்வாகியும் விடுகிறாள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், "ஒரு வருஷம் ட்ரெய்னி, ஸ்டைபண்ட் தருவோம், அப்புறம் பார்க்கலாம்" என்று பதில் வருகிறது. அப்படிச் சேர்ந்த ஒரு பெண் 2016-இல் தன் சம்பளச் சீட்டை என்னிடம் காட்டினாள். நான்கு வருஷம் பி.எஸ்சி. நர்சிங் படித்த பெண். ஸ்டைபண்ட் 7,000 ரூபாய். ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் 2,200 பிடித்தம். கைக்கு வந்தது 4,800.

அவள் அம்மா மூணாறுப் பக்கம் கொழுந்து கிள்ளுகிறவர். முந்தின வருஷம், 2015 செப்டம்பரில், நம் தோட்டத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்களே, அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தார். அதற்குப் பிறகுதான் 232 ரூபாயாக இருந்த தினக்கூலி 301 ஆனது. மாதம் 25 நாள் வேலை என்றால் பிடித்தத்துக்கு முன்னால் 7,525 ரூபாய். அம்மாவின் கூலியும் போதாத கூலிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கூலியை மிச்சம் பிடித்துப் படிக்கவைத்த மகளுக்கு அதைவிடக் குறைவு. இதோடு படிப்புக்கு வாங்கிய வங்கிக் கடன். மூன்று லட்சத்தை ஏழு வருஷத்தில் அடைக்க, பத்து சதவீத வட்டியில், மாதம் ஏறக்குறைய 5,000 ரூபாய் கட்ட வேண்டும். கடன் தவணை பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தொடங்கிவிடும். ட்ரெய்னி காலம் முடிகிறதோ இல்லையோ, தவணை வந்துவிடும்.

சரி, அந்த ட்ரெய்னி என்ன வேலை செய்கிறாள்? இரவு டியூட்டிக்கு வருகிறாள். முந்தின ஷிப்டிடமிருந்து ஹேண்டோவர், அதாவது நோயாளிகளின் பொறுப்பை, வாங்குகிறாள். அந்த வார்டில் அன்றைக்கு அவளும் இன்னொரு ட்ரெய்னியும்தான். சீனியர் ஸ்டாஃப் பக்கத்து வார்டையும் சேர்த்துப் பார்க்கிறார். பத்து மணிக்கு ஊசி மருந்துகள். சர்க்கரை நோயாளிக்கு ஜி.ஆர்.பி.எஸ்., அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவு, பார்த்து இன்சுலின் யூனிட் சரியாக எடுக்க வேண்டும். சாயங்காலம் ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு நள்ளிரவுக்கு மேல் பி.பி. இறங்குகிறது, காயத்திலிருந்து வடிகிற டிரெயின் குழாயில் எவ்வளவு ரத்தம், சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்து, டியூட்டி டாக்டரை எழுப்பி, அவர் போனில் சொன்னதைக் குறித்துக்கொண்டு, ஃப்ளூயிட் வேகத்தைக் கூட்டி, நர்சஸ் நோட்டில் நேரம் போட்டுக் கையெழுத்தும் போடுகிறாள். நாளைக்கு ஏதாவது தவறு என்று விசாரணை வந்தால் அந்தக் கையெழுத்துக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும். நோயாளிக்கு வருகிற பில்லிலும் நர்சிங் சார்ஜ் முழுசாகத்தான் இருக்கிறது. பார்த்தது ட்ரெய்னி என்று யாரும் அதில் குறைத்துப் போட்டதை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை.

புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்லூரியில் படித்ததற்கும் ஐ.சி.யு.வில் நிற்பதற்கும் தூரம் அதிகம். வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் முதலில் நோயாளியைப் பார், பிறகு மெஷினைப் பார் என்பதைக் கூட நின்று ஒருத்தர் சொல்லித் தர வேண்டும். எனக்கும் அப்படி ஒரு சிஸ்டர் சொல்லித் தந்தார். உண்மையான பயிற்சி என்றால் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் பொறுப்பில் இருப்பார், இன்னின்ன கற்றாயிற்று என்று குறித்து வைப்பார்கள், முடிகிற தேதி இருக்கும். அதுவரை அவளைத் தனியாக நோயாளிகளிடம் விடமாட்டார்கள். என்றைக்கு அவளை நம்பி இரவில் வார்டை ஒப்படைக்கிறார்களோ, அன்றிலிருந்து ஸ்டாஃப் நர்ஸ் சம்பளம் கொடுக்க வேண்டும். நான் கேட்பது இது ஒன்றுதான்.

பிள்ளைகள் ஏன் பொறுத்துப் போகிறார்கள்? எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டுக்காக. வளைகுடா ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம் கேட்கின்றன. அந்தத் தாளைக் கொடுக்கிற இடத்தில் இருப்பவரை எதிர்த்துப் பேச எந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் வரும்? 2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித் நகரத்திலிருந்து 46 இந்தியச் செவிலியர்கள் கொச்சியில் வந்து இறங்கியது பலருக்கும் நினைவிருக்கும். குண்டு விழுகிற ஊரிலும், கடன் கட்டாமல் எப்படித் திரும்புவது என்று அவர்களில் சிலர் தயங்கினார்கள். இங்கே முதல் வேலையில் பிழைக்கிற அளவுக்குச் சம்பளம் கிடைத்திருந்தால் அந்தத் தயக்கம் வந்திருக்குமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இது மாறவே மாறாது என்று நினைக்க வேண்டாம். 2011, 2012-இல் கேரளத்துச் செவிலியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போராடினார்கள். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தனியார் மருத்துவமனைச் செவிலியர் ஊதியத்தை ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 2018 ஏப்ரலில், சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடக்கச் செவிலியர்கள் தயாராக நின்ற நேரத்தில், கேரள அரசு குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 என்று அறிவிக்கை வெளியிட்டது. படுக்கை கூடக்கூட மொத்தச் சம்பளமும் கூடும் என்றது அது. அரசு வேலையில் சேரும் ஸ்டாஃப் நர்ஸுக்கு இங்கே 2021 சம்பளத் திருத்தத்தில் அடிப்படை 39,300 ஆனது.

நம் எல்லைப் பிள்ளைகள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறைந்தபட்ச ஊதியத்தை அந்தந்த மாநிலம்தான் நிர்ணயிக்கிறது. போடிமெட்டு இறங்கிவிட்டால் கேரள அறிவிக்கை செல்லாது. தேனியிலோ மதுரையிலோ படித்துவிட்டு இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள், கேரளா கவுன்சில் பதிவை முதலில் முடியுங்கள். பதிவு வரவில்லை என்பதைச் சொல்லியே பலரை மாதக்கணக்கில் ட்ரெய்னியாக வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தாய்மார்களே, மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வரும்போது நீங்களும் ஹெச்.ஆர். அறைக்குள் போங்கள். பயிற்சி எந்தத் தேதியில் முடிகிறது, அதற்குப் பிறகு சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வராதீர்கள். இத்தனை வருஷம் வேலையை விடமாட்டேன் என்று பாண்ட் எழுதி வாங்குவதை இந்திய நர்சிங் கவுன்சிலே தடுத்திருக்கிறது. சம்பளம் வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும். பிள்ளைகளே, மாதாமாதம் டியூட்டி ரோஸ்டரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். எந்த இரவு எந்த வார்டில் தனியாக நின்றீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. லேபர் ஆபீசில் மனு கொடுக்கிற நாளில் அந்தப் படங்களோடு போங்கள். ஒருத்தியாகப் போகாமல், அதே பேட்சில் சேர்ந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து போங்கள். எப்படிச் சேர்ந்து போவது என்று தெரியவில்லையென்றால், 2015-இல் ரோட்டில் உட்கார்ந்த உங்கள் அம்மாக்களைக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.