இராகேலின் அழுகையை நாமாகத் தேர்ந்தெடுத்திருப்போமா?

நடுவர் அருட்தந்தை அவர்களே, எதிரணியினரே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் பொறுமையாக அமர்ந்திருக்கும் மட்டக்களப்புச் சபையோரே, வணக்கம்.

"அருளில் வாழ்வதற்கு அன்றாட வேத வாசிப்பு துணையா, சுமையா?" என்பது தலைப்பு. துணையே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அண்ணன் அழகாகக் கேட்டார்: "அருள் மழை போன்றது. மழைக்கு யாராவது வாய்க்கால் வெட்டுவார்களா?" கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அண்ணன் வயலில் கால் வைத்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறுதியானது. நெல்வயல்கள் நிறைந்த படுவான்கரைக்கு வந்து கேட்டுப் பாருங்கள் அண்ணன். மழைக்காலப் பயிரான பெரும்போகத்துக்கு மழை இருக்கிறது, சரி. கோடைப் பயிரான சிறுபோகத்துக்கு? உன்னிச்சைக் குளம் திறந்தால்தான் வயல் நனையும். திறப்பதற்கு முன்பே மண்வெட்டியோடு இறங்கி, வாய்க்காலில் மண்டிய புல்லையும் சேற்றையும் வாரிப் போட வேண்டும். அந்த மண்வெட்டி ஒரு சொட்டுத் தண்ணீரையாவது உண்டாக்கியதா? இல்லை. தண்ணீர் முழுவதும் குளத்தினுடையது. ஆனால் வாய்க்காலை வாராதவன், குளம் நிரம்பிக் கிடக்கும்போதும் வெடித்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

இரண்டாவதாகப் பேசிய தம்பி, நாள்தோறும் வாசிக்கிறவர்களைப் பரிசேயர், அதாவது தம் பக்தியைத் தாமே மெச்சிக்கொள்கிறவர்கள், என்றார். லூக்கா 18ஆம் அதிகாரத்தைத் தம்பி இன்னொரு முறை படிக்க வேண்டும். அங்கே இயேசு சொல்லும் கதையில், கோவிலில் வேண்ட வந்த பரிசேயர் எதைச் சொல்லிப் பெருமையடித்தார்? வாரத்தில் இரண்டு நாள் நோன்பு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. வேதம் வாசித்த கணக்கு அந்தப் பட்டியலிலேயே இல்லை. தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட வரிதண்டுபவரைப் பாருங்கள். அவர் கேட்ட இரக்கம், 51ஆம் திருப்பாடலின் முதல் அடியிலேயே கேட்கப்படும் இரக்கம். அருளை மட்டுமே நம்பி நின்ற மனிதருக்கும் வாயில் வந்தது வேதத்தின் சொல்தான்.

கடமைக்கு வாசிக்கிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். நானே பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டு வாசித்திருக்கிறேன். இறங்கிய பிறகு யோசித்தால் ஒரு வரிகூட நினைவில் இருக்காது. அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டு மேலே போகிறேன்.

என் கட்சி வேறு. எந்த நாளில் வேதத்தின் எந்தப் பகுதி என்று குறித்து வைத்திருக்கும் நம் திருச்சபையின் வாசக ஒழுங்கில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்று, வாரநாள் முதல் வாசகங்கள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுச் சுற்று. இன்று எனக்கு எது வேண்டும் என்று அந்த ஒழுங்கு என்னைக் கேட்பதில்லை. நான் கேட்காததை, எனக்குத் தகுதியில்லாத நேரத்தில் கையில் வைத்துவிட்டுப் போகிறது. அருளுக்கு நீங்கள் சொல்லும் இலக்கணமும் அதுதானே?

2004 டிசம்பர் 26, ஞாயிறு. திருக்குடும்ப விழா. அன்றைக்குக் குறிக்கப்பட்டிருந்த நற்செய்தி மத்தேயு இரண்டாம் அதிகாரம்: எழுந்து, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு தப்பி ஓடு என்று யோசேப்புக்குக் கனவில் வந்த கட்டளை. அதே காலையில் சுனாமி வந்து, கல்லடியிலும் நாவலடியிலும் நாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இதை நான் தீர்க்கதரிசனம் என்று சொல்லவில்லை. வாசகம் கடலைத் தடுக்கவும் இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியது இரண்டு நாள் கழித்து நடந்தது.

நகரப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தோம். எனக்குப் பதின்மூன்று வயது. அம்மம்மா வகுப்பறையின் மூலையில், யாரோ கொடுத்த ஆண்பிள்ளைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்ன மாமா கிடைக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். கடவுளுடைய சித்தம் என்றார்கள், மோட்சத்தில் இருப்பார் என்றார்கள். அம்மம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். 28ஆம் திகதி பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, "இன்றைக்கு என்ன வாசகம்?" என்று கேட்டார். உபதேசியாரிடம் ஒரு புத்தகம் இருந்தது. ஓரமெல்லாம் நனைந்து உப்பிய புத்தகம், பக்கங்களை நகத்தால் பிரித்தேன். மாசில்லாக் குழந்தைகள் விழா. குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ஏரோது மன்னனின் வாளும், பிள்ளைகளை இழந்த தாய் இராகேலின் அழுகையும். தன் பிள்ளைகள் இல்லாமல் போனதால் அவள் ஆறுதல் பெற மறுத்தாள் என்ற இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை.

"மறுத்தாள் என்றா எழுதியிருக்கிறது?" என்று அம்மம்மா கேட்டார். ஆம் என்றேன். "திரும்ப வாசி." மூன்று முறை வாசிக்க வைத்தார். பிறகுதான் அழுதார். இரண்டு நாளாக அழாதவர்.

சபையோரே, எங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் ஆண்டவர் என் ஆயர் என்ற 23ஆம் திருப்பாடலைத்தான் எடுத்திருப்போம். அந்த வகுப்பறையில் இராகேலை எடுக்கிற துணிவு எந்தப் பிள்ளைக்கு வரும்? எந்தச் சாமியாருக்கு வரும், தந்தை மன்னிக்க வேண்டும்?

கடைசியாக, இயேசுவோடு சிலுவையில் தொங்கிய நல்ல கள்வன். ஒரு வரிகூட வாசிக்காமல் பேரின்ப வீட்டுக்குப் போனார் என்றார்கள். போனார், மறுக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் தொங்கிய இயேசுவின் வாயில் என்ன இருந்தது? "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22ஆம் திருப்பாடல். "உமது கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன்" என்பது 31ஆம் திருப்பாடல். சிலுவையில் சுருளை விரித்துத் தேட முடியாது. நாள்தோறும் நாவில் கிடந்தது மட்டுமே அங்கே வரும்.

மணி அடித்துவிட்டது, தெரிகிறது தந்தை. ஒன்றே ஒன்று. எதிரணித் தலைவர் அண்ணனிடம் நாளைக்கு என்ன வாசகம் என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய சட்டைப் பையில் திருவழிபாட்டு நாள்காட்டி இருக்கிறது. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் எடுத்துப் பார்த்ததை நான் கண்டேன்.