ஒளித்து வைத்த செருப்பு

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் பந்தலுக்கு வெளியே நின்று கேட்கும் உறவுகளே, வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். கால இயந்திரம் ஒன்று கையில் கிடைத்தால் நடந்த வரலாற்றைத் திருத்துவது அறமா, தொடாமல் விடுவது அறமா? திருத்துவதே அறம் என்பது எங்கள் கட்சி.

எங்கள் அணியின் முதல் பேச்சாளர் ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். 1964 டிசம்பர் 22, நள்ளிரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது 653ஆம் எண் பாசஞ்சர் ரயில். நிலையத்தை எட்டச் சில நூறு கஜம் இருக்கும்போது புயலில் கடல் எழுந்து வந்து அதை அப்படியே வாரிக்கொண்டு போனது. 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த ரயிலைப் பாம்பனிலேயே நிறுத்திவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

அதற்கு எதிரணித் தலைவர் பேராசிரியர் ஐயா என்ன சொன்னார்? பந்தல் அதிரக் கை தட்டினீர்களே, நினைவிருக்கிறதா? "ஒரு ரயில் தப்பினால் அறுபது ஆண்டுகளில் எத்தனை கல்யாணம் மாறும், எத்தனை பிள்ளைகள் பிறக்காமல் போவார்கள்! இதோ, அடுத்துப் பேசப் போகும் அம்மையாரே சிவப்பு விளக்கோடு பாம்பன் நிலையத்தில் போய் நிற்கட்டும். ரயில் நிற்கும். அந்த நொடியே அம்மையார் காற்றில் கரைந்துவிடுவார். விளக்கு மட்டும் தண்டவாளத்தில் கிடக்கும்" என்றார்.

ஐயா, கிடக்கட்டும். நானும் அதைத்தான் கேட்கிறேன். நான் கரைந்து போகிறேன். சிவப்பு விளக்கு தண்டவாளத்தில் எரிந்துகொண்டு கிடக்குமா, கிடக்காதா? கிடந்தால் போதும். ஓட்டுநரின் கண்ணில் விளக்குத்தான் பட வேண்டும். நான் பட வேண்டியதில்லை. 115 பேர் இறங்கி வீட்டுக்குப் போவார்கள்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்கை அழைத்து வந்தார். 2009இல் ஹாக்கிங் காலப் பயணிகளுக்காக ஒரு விருந்து வைத்தார், விருந்து முடிந்த பிறகுதான் அழைப்பிதழை வெளியிட்டார், ஒருவரும் வரவில்லை, ஆகவே இதெல்லாம் நடக்காத கதை என்றார். தம்பி, கால இயந்திரம் கையில் இருப்பவன் விருந்துக்கா போவான்? அவன் போக வேண்டிய இடம் பாம்பன் அல்லவா? கும்பகோணம் அல்லவா?

கும்பகோணம் என்றதும் முன்வரிசையில் ஓர் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். 2004 ஜூலை 16. பள்ளிக்கூடக் கூரையில் தீ. 94 குழந்தைகள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. துயரம்தான் பாடம் சொல்லிக் கொடுத்தது. துயரத்தை அழித்தால் பாடமும் அழியும் என்று பேராசிரியர் வாதிட்டார். கீற்று எரியும் என்பது ஜூலை 15ஆம் தேதி யாருக்குத் தெரியாமல் இருந்தது ஐயா? அடுப்பு மூட்டிய ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். தெரிந்த பாடத்தை மறுபடி படிக்க 94 குழந்தைகளா கட்டணம்?

இன்னொன்றும் சொன்னார். தனுஷ்கோடிப் புயல் பாம்பன் பாலத்தைச் சிதைத்தது. ஆறு மாதத்தில் சீர்செய்யச் சொன்ன பாலத்தை 46 நாளில் நிமிர்த்தினார் ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர். அந்தப் புயல் இல்லையென்றால் பின்னாளில் அவர் கட்டிய கொங்கண் ரயில் ஏது, டெல்லி மெட்ரோ ஏது என்றார். ஐயா, நாங்கள் நிறுத்தச் சொன்னது ரயிலை. புயலை அல்ல. காற்று அடிக்கட்டும், பாலம் உடையட்டும், ஸ்ரீதரன் வரட்டும், 46 நாளில் கட்டட்டும். அந்த 115 பேரும் கரையில் நின்று அதைப் பார்க்கட்டும்!

சரி. இனி நான் சொல்லப் போவது எங்கள் வீட்டுக் கதை.

எங்கள் அம்மாச்சிக்கு ஒரு பழக்கம் இருந்தது. இரவு நேரத்தில் எங்கள் வீட்டிலிருந்து யார் புறப்பட்டாலும் அவருடைய செருப்பில் ஒன்று காணாமல் போகும். ஒன்றுதான். மற்றது வாசலிலேயே இருக்கும். வந்தவர் திண்ணைக்குக் கீழே குனிந்து பார்ப்பார், நாயைச் சந்தேகப்படுவார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் திட்டுவார். அம்மாச்சி ஒன்றும் தெரியாதவர் போல வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். "செருப்பு எங்கே போய்விடும்? விடிந்ததும் தேடலாம், படுங்கள்" என்பார். விடிந்ததும் செருப்பு வாசலில் இருக்கும், ஜோடியாக.

அரிசிப் பானையிலிருந்து எடுத்திருக்கிறோம். வைக்கோல் படப்பிலிருந்து எடுத்திருக்கிறோம். ஒருமுறை கிணற்றடியில் கவிழ்த்து வைத்த அண்டாவுக்குள் இருந்தது. என் அப்பா புது மாப்பிள்ளையாக வந்த சமயம். இரவு பஸ்ஸுக்குப் போக வேண்டும். ஒற்றைச் செருப்போடு அரை மணி நேரம் முற்றத்தைச் சுற்றினாராம். மாமியாரிடம் கேட்கவும் கூச்சம். கடைசியில் வெறுங்காலோடு போய்விடலாம் என்று படியிறங்கினார். அம்மாச்சி எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தி, குறுக்கே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். மாமியாரைத் தாண்டி எந்த மருமகன் போவான்? அப்பா அன்று போகவில்லை. சிரிக்கிறீர்கள். நாங்களும் எத்தனையோ ஆண்டுகள் சிரித்தோம். தீபாவளிக்குக் கூடினால் "இந்த முறை யார் செருப்பு?" என்பதே பேச்சு.

நான் கல்லூரியில் படித்தபோது ஓர் இரவு விடுதிக்குத் திரும்பப் புறப்பட்டேன். வழக்கம்போல ஒன்றைக் காணவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் தேர்வு. "என்ன விளையாட்டு இது அம்மாச்சி?" என்று கத்திவிட்டேன். அப்போதுதான் சொன்னார், வெற்றிலை இடிப்பதை நிறுத்தாமலே சொன்னார்.

1964 டிசம்பர். அம்மாச்சி தலைப்பிரசவத்துக்காகப் பாம்பனில் தாய் வீட்டில் இருந்தார். பிள்ளை பிறந்து பத்தொன்பது நாள். கணவருக்குத் தனுஷ்கோடித் துறையில் தலைமன்னார்க் கப்பலுக்குச் சுமை ஏற்றும் வேலை. 22ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிள்ளையைப் பார்க்க வந்தார். மாமியார் வீட்டுக்கு வெறுங்காலோடு போகக் கூடாதென்று கூட வேலை செய்தவரிடம் செருப்பு இரவல் வாங்கிப் போட்டு வந்திருந்தார். லாரி டயரில் தைத்த செருப்பு. இரவு மழை பிடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை இரவில் பயணம் வேண்டாம் என்று மாமியார் சொன்னார். காலையில் வேலைக்கு நிற்க வேண்டும், செருப்பையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார் அவர்.

அம்மாச்சிக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு செருப்பை எடுத்துத் தொட்டிலுக்கு அடியில், பிள்ளையின் துணிகளுக்குள் ஒளித்து வைத்தார். கணவர் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு வாசல், திண்ணை, மழையில் முற்றம் எல்லாம் தேடினார். தலை நனைந்துவிட்டது. "இரவல் செருப்பு. தொலைத்துவிட்டேன் என்று சொன்னால் அவன் என்ன நினைப்பான்?" என்று வருந்தினார். நனைந்த தலையோடு அவர் நின்றதைப் பார்க்க அம்மாச்சிக்கு மனசு கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே போய் எடுத்து வந்து அவர் காலடியில் போட்டார். அவரும் சிரித்தார். தொட்டிலில் கிடந்த பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரயிலுக்குப் போனார்.

653ஆம் எண் பாசஞ்சர்.

"நானே எடுத்துக் கொடுத்தேன்" என்றார் அம்மாச்சி. "யாரும் கேட்கவில்லை. நானேதான் எடுத்துக் கொடுத்தேன்."

பேராசிரியர் ஐயா, நீங்கள் விளையாட்டாகச் சொன்னது என் வரையில் எழுத்துக்கு எழுத்து உண்மை. மூன்று ஆண்டு கழித்து அம்மாச்சியை மணந்தவர் என் தாத்தா. அவரும் அந்தப் புயலில் மனைவியைப் பறிகொடுத்தவர். 1968இல் பிறந்தார் என் அம்மா. அந்தச் செருப்பு தொட்டிலுக்கு அடியிலேயே இருந்திருந்தால் என் அம்மா இல்லை. நான் இல்லை. இந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் வேறு யாரோ நின்றிருப்பார்.

பிறக்காமல் போகிறவர்களுக்காக வாதாடினீர்கள். அவர்களை யார் கண்டது? பிறக்காதவன் தனக்கு இது நேர்ந்துவிட்டதே என்று எங்கும் அழவில்லை. பிறந்து, பத்தொன்பது நாளில் தகப்பனை இழந்த ஒருவர் இருக்கிறார். என் பெரிய மாமா. தகப்பனின் புகைப்படம் ஒன்றுகூட அவரிடம் கிடையாது. "அவர் காது எப்படி இருக்கும் அம்மா, என் காது போலவா?" என்று அறுபதை நெருங்கும் வயதிலும் அம்மாச்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் போய், உன் தகப்பனை விட்டுவிடு, வரலாறு கெட்டுவிடும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

விளக்குப் பிடித்தவளே பிறக்கவில்லையென்றால் விளக்கைப் பிடித்தது யார் என்று ஐயா கேட்பார். அந்த முடிச்சை இயற்பியல் படித்தவர்கள் அவிழ்க்கட்டும். எனக்கு அதில் அக்கறை இல்லை. நடுவர் மணி அடித்துவிட்டார். அரை நிமிடம் கொடுங்கள் ஐயா.

அந்த இயந்திரத்தை என்னிடம் கொடுங்கள். முதலில் அந்த வீட்டுக்குப் போவேன். அம்மாச்சி மனம் இளகித் தொட்டில் பக்கம் வருவதற்கு முன்னால் அந்த டயர்ச் செருப்பை எடுத்து என் முந்தானையில் முடிந்துகொள்வேன். அவர் அரிக்கேன் விளக்கோடு தேடிக்கொண்டிருக்கட்டும். தலை நனையட்டும். இரவல் கொடுத்தவனுக்கு என்ன பதில் சொல்வது என்று வருந்தட்டும். நான் மழையில் நிலையத்துக்கு ஓடுவேன். சிவப்பு விளக்கைத் தண்டவாளத்தின் நடுவில், காற்றுக்கு மறைவாக, இரண்டு ஜல்லிக் கல்லை அண்டக் கொடுத்து வைப்பேன். அதற்குள் நான் கரையத் தொடங்கிவிட்டால் பரவாயில்லை. வீட்டில் அவர் தேடி அலுத்துப் போய், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு, தொட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்திருப்பார்.

வணக்கம்.